மண்ணில் விழுந்த பூ

பவளமல்லி இரவில் பூத்து விடியலில் உதிரும் மரம். அந்தி மயங்கும்போது மொட்டு அவிழத் தொடங்கும். இரவு ஏற ஏற மணம் தெருமுனை வரை போகும். கிழக்கு வெளுக்கும் முன்பே பூக்கள் ஒவ்வொன்றாகக் காம்பை விட்டு மண்ணில் விழுந்து கிடக்கும். வெள்ளை இதழ்கள் ஐந்து முதல் எட்டு வரை, காற்றாடிபோல் சற்றே முறுக்கிக்கொண்டு, செம்மஞ்சள் குழாயொன்றின் மேல் விரிந்திருக்கும். அந்தக் குழாயின் நிறம்தான் பெயரில் உள்ள பவளம். குமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டு ஊர்களில் இதை முற்றத்து ஓரத்திலோ, கிணற்றடிக்குச் சற்றுத் தள்ளியோ வைத்து வளர்ப்பார்கள். மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் மலையாளம் கலந்த பேச்சுள்ள வீடுகளில் இது பவிழமல்லி. புராணம் படித்தவர்களுக்குப் பாரிசாதம்.

இந்த மரத்தைப் பூசைக்கென்று வைத்திருக்கும் வீடு நாள்தோறும் ஒரு கேள்வியின் மேல்தான் விழிக்கிறது. வழிபாட்டுப் பூவைப் பற்றி மரபு வகுத்த விதிகளில் முதன்மையான ஒன்று, தானே உதிர்ந்து மண்ணில் விழுந்த பூவை இறைவனுக்கு இடலாகாது என்பது. பவளமல்லியோ மண்ணில் விழுந்த பிறகே கைக்கு வருகிறது. இருந்தும் அதைப் பூசைக்கு உகந்த பூவாகவே மரபு ஏற்றுக்கொண்டிருக்கிறது. மகிழம்பூவுக்கும் அந்தச் சலுகை உண்டு. விதியை வகுத்தவர்களே விலக்கையும் வைத்தார்கள் என்றால் அதற்கு ஒரு நியாயம் இருக்க வேண்டும். பூவைத் தூயதாக்குவது பூ இருக்கும் நிலையா, மரத்தின் இயல்பா, எடுப்பவரின் மனமா?

மரத்தின் பெயர்களைப் பார்த்தாலே ஒவ்வொரு நாட்டாரும் இந்த உதிர்தலை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பது தெரியும். 1563இல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்த்தாவின் மருந்துநூல் இதைத் துயர மரம் என்கிறது. அதே எண்ணத்தில்தான் லின்னேயஸ் 1753இல் 'நிக்டாந்தஸ் ஆர்பர்-டிரிஸ்டிஸ்' என்று தாவரவியல் பெயர் வைத்தார். முன் சொல் இரவுப்பூ, பின் சொல் துயர மரம். பகலில் பூவில்லாமல், சொரசொரப்பான இலைகளோடு களையிழந்து நிற்பதைக் கண்டவர்கள் வைத்த பெயர் அது. சூரியனைக் காதலித்துக் கைவிடப்பட்ட அரசகுமாரியின் சாம்பலிலிருந்து முளைத்த மரம், அதனால்தான் சூரியன் முகத்தில் விழிக்காமல் பூவை உதிர்த்துவிடுகிறது என்ற கதையும் அந்தப் பார்வையைச் சேர்ந்ததே. கொச்சியில் டச்சுக்காரர்களின் தலைவராக இருந்த வான் ரீடே தொகுத்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' நூலின் முதல் தொகுதி 1678இல் வந்தது. மலையாள நாட்டுப் பெயராக அது தருவது மஞ்ஞப்பூமரம். பூக்குழாயைக் காய்ச்சினால் துணிக்கு மஞ்சள் சாயம் கிடைக்கும் என்பதே அந்தப் பெயருக்குப் பொருத்தமான காரணம். தமிழ்ப் பெயரில் துயரமும் இல்லை, சாயமும் இல்லை. கீழே கிடக்கும் பூவைக் குனிந்து பார்த்தவர் கண்ட நிறம் மட்டும் இருக்கிறது.

பாரிசாதம் என்ற பெயரைக் கொஞ்சம் எச்சரிக்கையாகக் கையாள வேண்டும். பாற்கடலைக் கடைந்தபோது வந்து இந்திரன் தோட்டத்தில் நின்ற மரம், கண்ணன் கொண்டுவந்து சத்தியபாமைக்காகத் துவாரகையில் நட்ட மரம் என்று விஷ்ணு புராணமும் அரிவம்சமும் சொல்லும் பாரிசாதம் எது என்பதில் ஊருக்கு ஊர் வழக்கு மாறுகிறது. உத்தரப் பிரதேசத்தில் கிந்தூர் என்ற ஊரில் பாரிசாதம் என்று வணங்கப்படுவது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பொந்தன்புளி மரம். தமிழ்நாட்டில் அந்தப் பெயர் பெரும்பாலும் பவளமல்லிக்கே நிலைத்தது. திருக்களரில் சிவனுக்குப் பாரிசாத வனேசுவரர் என்றே பெயர். புராணக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று. தேவருலகத்து மரம் மண்ணுக்கு வந்தபோது அது கோயிலில் நடப்படவில்லை. ஒரு பெண்ணின் வீட்டுத் தோட்டத்தில் நடப்பட்டது.

நாஞ்சில் நாட்டுக்குக் கோயில் மரமும் வீட்டு மரமும் இரண்டு தனி உலகங்கள் அல்ல. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் தலமரம் கொன்றை. பழைய மரத்தின் அடியை அங்கே இன்றும் கொன்றையடி என்று வணங்குகிறார்கள். சித்திரை முதல் நாள் காலையில் கனி காணும்போது வீட்டுக்குள்ளும் அந்தக் கொன்றைதான் தட்டில் இருக்கும். பவளமல்லி அவ்வளவு பெரிய இடத்தைக் கேட்பதில்லை. அதற்கு ஒரு முற்றமும், விடியலுக்கு முன் எழுந்திருக்க ஓர் ஆளும் போதும்.

பூ இடுதலுக்கு விதி வகுப்பது பழைய துறை. 16ஆம் நூற்றாண்டில் திருவாரூரில் வாழ்ந்த கமலை ஞானப்பிரகாசர் 'புட்பவிதி' என்றே ஒரு நூல் செய்தார். தமிழ் மரபு பூவை நான்காக வகுக்கும்: மரத்தில் பூப்பது கோட்டுப்பூ, கொடியில் பூப்பது கொடிப்பூ, நிலத்தில் நிற்கும் சிறு செடியில் பூப்பது நிலப்பூ, குளத்தில் பூப்பது நீர்ப்பூ. திருப்புகலூரில் வாழ்ந்த முருக நாயனார் வைகறையில் குளித்து, நந்தவனம் சென்று, இந்த நான்கையும் அவிழும் பதத்தில் கொய்து, வகைவகையாகக் கூடைகளில் சேர்த்தார் என்று பெரிய புராணம் சொல்கிறது. எந்தப் பூவைத் தள்ள வேண்டும் என்பதற்கும் நீண்ட பட்டியல் உண்டு. பழம்பூ, பூச்சி அரித்தது, முகர்ந்தது, தலையில் சூடியது, மயிர் பட்டது, இன்னொருவர் தோட்டத்தில் கேளாமல் பறித்தது, உதிர்ந்து கிடந்தது. தாழம்பூ சிவனுக்கு ஆகாது, துளசி பிள்ளையாருக்கு ஆகாது என்பதைப் போன்ற கதை சார்ந்த தடைகளும் இருக்கின்றன. எதிர்ப்பக்கத்தில் வில்வத்துக்கும் துளசிக்கும் பழமைத் தோஷம் இல்லை. ஒருமுறை இட்ட வில்வத்தை நீர் தெளித்து மறுபடியும் இடலாம்.

இந்தப் பட்டியல் கண்டபடி சேர்ந்ததல்ல. தள்ளப்பட்ட பூக்கள் ஒவ்வொன்றிலும் ஒரே குறை இருக்கிறது. பழம்பூ நேற்றைக்கு உரியது. முகர்ந்த பூவை முகர்ந்தவர் முன்பே அனுபவித்துவிட்டார். கேளாமல் பறித்தது பிறர் பொருள். உதிர்ந்து கிடக்கும் பூவை யாரும் விரும்பி எடுக்கவில்லை. அது காற்றும் வெயிலும் காலும் பட்டு மிஞ்சியது. எளிதில் கிடைத்ததையும் எஞ்சியதையும் இறைவனுக்குத் தள்ளிவிடும் மனச்சோர்வைத்தான் இந்த விதிகள் தடுக்கின்றன. உதிர்ந்த பூவுக்கான தடை மண்ணை இழிவாக நினைத்து வந்தது என்று கொண்டால், மண்ணைப் பிசைந்து பிள்ளையாரும் சிவலிங்கமும் பிடித்து வணங்கும் மரபோடு அது பொருந்தாது. நாகர்கோவில் நாகராசா கோயிலில் அடியவருக்குக் கிடைக்கும் பிரசாதமே மண்தான். மண்ணால் பூவுக்குக் குறை வருவதில்லை. மனிதனின் அசட்டையால் வருகிறது.

பவளமல்லிக்கு விலக்கு ஏன் என்று கேட்டால் பலரும் சொல்லும் விடை வேறு: இந்த மரம் தன் பூவைத் தானே கொடுக்கிறது, பறித்தல் என்ற வன்முறை இங்கே இல்லை. இந்த விடைக்கு ஆழமான வேர் உண்டு. தொல்காப்பியம் புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர் என்று வகுத்தது. சமணமும் மரத்தை ஒரே பொறியுள்ள உயிராகக் கொள்கிறது. குமரி மாவட்டத்தில் சமணம் தொலைவான செய்தி அல்ல. சிதறால் மலையில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்கள் இருக்கின்றன. நாகராசா கோயில் தூண்களில் பார்சுவநாதரும் மகாவீரரும் இன்றும் காட்சி தருகிறார்கள். வடநாட்டுத் திகம்பரச் சமணரில் தேராபந்தப் பிரிவினர், உயிருள்ள பூவைப் பறிக்கலாகாது என்பதால் குங்குமப்பூ நிறம் ஏற்றிய அரிசியைப் பூவாக எண்ணி இடுகிறார்கள். செடிகொடியைச் சிதைக்கலாகாது என்பது பௌத்தத் துறவியரின் விநய விதி. சைவத்துக்குள்ளேயே தாயுமானவர், பூவுக்குள் இறைவன் இருப்பதைக் கண்டபின் அதைப் பறிக்க மனம் வரவில்லை என்று பாடினார். இவர்கள் அனைவருடைய தயக்கத்துக்கும் பவளமல்லி ஒரு வழி காட்டுகிறது. யாருடைய விரலும் படாமலே பூ மரத்தை விட்டுப் பிரிந்துவிடுகிறது.

ஆயினும் இந்த விடை பாதி தூரம்தான் போகும். மரம் கொடுக்கிறது என்பது மனிதனின் பேச்சு. பவளமல்லி வெண்மையும் மணமும் கொண்டு இரவில் மலர்வது அந்துப்பூச்சிகளை அழைக்க. அந்த வேலை ஓர் இரவோடு முடிந்துவிடுவதால் பூவைக் கழற்றிவிடுகிறது. சாக்கடையின் மேல் கிளை நீண்டிருந்தால் சாக்கடையிலும் அதே பூதான் விழும். நாய் படுத்திருந்தால் அதன் முதுகிலும் விழும். மரத்திடம் ஈகை இருக்கிறது என்று கவிஞர் சொல்லலாம், அதில் குற்றமில்லை. ஆனால் வழிபாடு அங்கே இன்னும் தொடங்கவில்லை.

வழிபாடு எங்கே தொடங்குகிறது என்பதை மணிமேகலை ஒரு பீடத்தைக் கொண்டு விளக்குகிறது. புகார் நகரத்து உவவனம் என்ற சோலையில் மயன் செய்த பீடிகை ஒன்று இருந்தது. அதன்மேல் மொட்டை வைத்தால் மலரும். மலர்ந்தது ஆண்டுகள் கடந்தாலும் வாடாது, வண்டும் மொய்க்காது. ஒரு தெய்வத்தை நெஞ்சில் நினைத்து வைத்த பூ அந்தத் தெய்வத்தின் திருவடியைச் சென்று சேரும். எதையும் நினையாமல் வைத்த பூ எங்கும் போகாமல் அங்கேயே கிடக்கும். மயன் ஏன் அப்படிச் செய்தான் என்பதற்கு நூலாசிரியர் சாத்தனார் தரும் காரணம் தத்துவ வழக்கு ஒன்றைத் தொடுகிறது. எண்ணம் இல்லாமல் செய்தாலும் வினை வந்து பற்றும் என்று கூறிய நோன்பிகள் வருந்தவும், எண்ணமில்லாத செயலுக்குப் பயன் இல்லை என்று கூறியவர்களுக்குச் சான்றாகவும் அது அமைந்ததாம். சமணத்துக்கும் பௌத்தத்துக்கும் இடையே நடந்த நீண்ட வாதத்தில் மணிமேகலை பௌத்தத்தின் பக்கம் நிற்கிறது. தோட்டத்துப் பூவைக் கையில் எடுக்கும் எவரும் அந்த வாதத்தைத் தாண்டிப் போக முடியாது. உவவனத்துப் பீடத்தில் அசையாமல் கிடந்த பூவுக்கும் முற்றத்தில் உதிர்ந்து கிடக்கும் பவளமல்லிக்கும் வேறுபாடு இல்லை. யாராவது நினைத்து எடுக்கும் வரை இரண்டும் வெறும் பூதான்.

ஆகவே மூன்றாவது விடை ஒன்று வேண்டும். அது நூலில் இல்லை, முற்றத்தில் இருக்கிறது. மற்ற பூவுக்குக் கவனம் கிளையில் நடக்கிறது. எந்தப் பூ அவிழும் பதத்தில் இருக்கிறது, எதில் பூச்சி இருக்கிறது என்று பார்த்துப் பறிப்பதே அங்கே அக்கறை. பவளமல்லிக்கு அந்த அக்கறை முழுவதும் தரைக்கு இறங்கிவிடுகிறது. பூ விழும் இடத்தை முந்தின நாளே தூத்துத் தெளித்து வைக்க வேண்டும். வெயில் ஏறும் முன் வந்து பொறுக்க வேண்டும். வெயில் பட்டால் விரைவில் இதழ் துவண்டு பழுத்துவிடும். தாமதித்து வந்தவருக்கு அது விதி சொன்ன அதே உதிர்ந்த பூவாகிவிடுகிறது. நேரத்தில் வந்தவருக்கு மட்டுமே அது பவளமல்லி. அசட்டையைத் தடுக்க வந்த விதி, அசட்டையோடு அணுகவே முடியாத ஒரு பூவுக்கு விலக்குத் தந்தது. இரண்டின் கருத்தும் ஒன்றே.

இப்படிப் பார்த்தால் மரத்தை எங்கே, எப்படி நடுவது என்பதும் வழிபாட்டின் பகுதியாகிறது. கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆனி, ஆடி மழையில் போத்து நட்டால் எளிதில் வேர் பிடிக்கும். விதையிலிருந்தும் வளர்க்கலாம். தட்டையான இதய வடிவக் காயில் இரண்டு விதைகள் இருக்கும். செம்மண்ணும் மணல் கலந்த மண்ணும் ஒத்துக்கொள்ளும், வேரில் நீர் தேங்குவது மட்டும் ஆகாது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே காற்று சீறி வரும் தோவாளைப் பக்கத்து ஊர்களில் மதிலின் மறைவு வேண்டும். இல்லாவிட்டால் ஆடிக் காற்றில் பூ முற்றத்தில் விழாமல் அடுத்த விளையில் போய் விழும். புதுத் தளிர்க் கிளையில் பூப்பதால், பூக்காலம் முடிந்ததும் கிளைகளைக் கவாத்து செய்தால் அடுத்த ஆண்டு நன்றாகப் பூக்கும். இரண்டு ஆள் உயரத்துக்குள் வைத்துக்கொள்வது பூ சிதறாமல் ஒரே வட்டத்தில் விழ உதவும்.

இதெல்லாம் எந்தத் தோட்டக்காரரும் சொல்வது. பூசைக்கென்று வளர்ப்பவர் கூடுதலாகப் பார்க்க வேண்டியது கிளை விரியும் வட்டத்துக்குக் கீழே உள்ள தரை. செருப்புக் கழற்றும் இடம், துணி துவைக்கும் கல், பாத்திரம் கழுவிய நீர் ஓடும் வாய்க்கால் ஆகியவை அந்த வட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும். சிமெண்டுத் தளத்தை விடச் சாணம் மெழுகிய மண் நல்லது. மழை பெய்தால் மெழுகிய தரையிலும் சேறு தெறிக்கும் என்பதால், வடகிழக்குப் பருவ நாட்களில் சிலர் இரவில் வாழையிலையோ வெளுத்த வேட்டியோ விரித்து வைக்கிறார்கள். பூ தரையைத் தொடவே இல்லை, ஆகவே விதியை மீறவில்லை என்று அதற்குச் சமாதானம் சொல்வதும் உண்டு. அந்தச் சமாதானம் தேவையற்றது. மரபு ஏற்கெனவே விலக்குத் தந்துவிட்டது. வேட்டி சேற்றிலிருந்து பூவைக் காக்கத்தான், விதியிலிருந்து ஆளைக் காக்க அல்ல.

கிளையை உலுக்குவதைப் பற்றி வீடுகளில் நடக்கும் விவாதம் இதைவிடக் கூர்மையானது. விடியலில் லேசாகத் தட்டினால் பிடி தளர்ந்த பூக்கள் பொலபொலவென்று விழும். அவை எப்படியும் விழ இருந்தவை. ஆனால் பேருந்துக்கு நேரமாகிறது என்று நள்ளிரவு கழிந்ததும் மரத்தைப் பிடித்து உலுக்கினால் பாதி அவிழ்ந்ததும் மொட்டும் சேர்ந்து விழுகின்றன. அது பறித்தலை விட மோசம். பறிப்பவர் தமக்கு வேண்டியதை மட்டும் எடுக்கிறார், உலுக்குபவர் வேண்டாததையும் கொல்கிறார். உதிர்தலுக்குக் காத்திருக்கும் பொறுமைதான் இந்தப் பூவோடு சேர்ந்து படைக்கப்படுவது. அது இல்லாதபோது பவளமல்லிக்குத் தனிச் சிறப்பு எதுவும் மிஞ்சுவதில்லை.

மணம் எழுப்பும் கேள்வி தனியானது. முகர்ந்த பூ ஆகாது என்ற விதியின் கடுமையைப் பெரிய புராணத்தில் காணலாம். திருவாரூர்க் கோயிலில் பூ மண்டபத்தின் பக்கம் விழுந்து கிடந்த ஒரு பூவை எடுத்து முகர்ந்ததற்காகக் அரசர் கழற்சிங்கரின் பட்டத்தரசியின் மூக்கைச் செருத்துணையார் என்ற அடியவர் அரிந்தார். பூவை முதலில் எடுத்தது கை என்று அரசர் அந்தக் கையை வெட்டினார். படிக்கும்போது நெஞ்சு பதைக்கும் கதை இது. இந்தக் காலத்து மனம் அதை ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அதே தமிழ் மரபில் வில்லிபுத்தூர் நந்தவனத்துப் பூவைத் தொடுத்த மாலையை ஆண்டாள் தான் சூடிப் பார்த்துவிட்டுத் தந்தாள், அதுவே வேண்டும் என்று பெருமாள் ஏற்றார் என்ற வரலாறும் நிற்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் விதி நிற்கும் இடம் தெரிகிறது. ஒருத்தி தனக்காக எடுத்தாள், மற்றவள் அவனுக்கு அழகாக இருக்குமா என்று பார்த்தாள். தண்டனையின் அளவு நியாயமா என்பது வேறு வழக்கு.

பவளமல்லியின் மணமோ இரவு முழுவதும் முற்றத்திலும் திண்ணையிலும் தெருவிலும் பரவிக் கிடக்கிறது. தெய்வத்துக்கு முன்பே ஊரே அதை முகர்ந்துவிட்டது. இந்தக் கணக்கில் பூ முழுவதும் எச்சில் என்று யாரும் சொல்வதில்லை. தேடி வந்த மணத்தை மூக்கு தடுக்க முடியாது. பூவை மூக்கருகே கொண்டுபோவது வேறு, காற்று கொண்டுவந்தது வேறு. இதில் இன்னும் ஒரு பொருள் இருக்கிறது. சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகவே 1926இல் கோட்டாறு டாக்டர் எம். இ. நாயுடு போன்றோர் முன்னின்று சத்தியாக்கிரகம் நடத்த வேண்டியிருந்தது. திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் 1936 நவம்பர் 12 அன்றுதான் வந்தது. அதுவரை இந்த நாட்டு மக்களில் பெரும்பகுதியினர் தம் கையால் ஒரு பூவைக் கோயிலுக்குள் கொண்டுசெல்ல முடியவில்லை. அப்படி விலக்கப்பட்டவர்களின் வீட்டில் விளக்கு மாடத்தின் முன் வைத்த பூ எந்தப் பூசாரியின் அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. தெருவில் நடக்கக்கூடாது என்று மனிதனைத் தடுத்தவர்களால் மதிலைத் தாண்டும் மணத்தைத் தடுக்க முடியவில்லை. பூவிதிகளைப் பேசும்போது இந்த வரலாற்றை விட்டுவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. தூய்மை என்ற ஒரே சொல் பூவைக் காக்கவும் பயன்பட்டது, மனிதனை விலக்கவும் பயன்பட்டது.

வீட்டில் வளர்த்த பூவுக்கும் விலைக்கு வாங்கிய பூவுக்கும் ஏற்றத்தாழ்வு உண்டா என்பதையும் நாஞ்சில் நாடு கேட்டாக வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டின் பெயர்பெற்ற பூச்சந்தைகளில் ஒன்று அதன் நடுவில் இருக்கிறது. தோவாளையில் பொழுது விடியும் முன்பே பிச்சியும் மல்லிகையும் சம்பங்கியும் கேந்தியும் கொழுந்தும் எடை போட்டு மலையாள நாட்டுக்கு வண்டியேறுகின்றன. அரளிப்பூவையும் நொச்சியிலையையும் மடித்து மணி கோத்ததுபோல் பின்னும் மாணிக்கமாலை அந்த ஊரின் கைவேலை. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்கு அது பரம்பரையாகப் போகிறது. தன் நந்தவனத்தில் தானே வளர்த்துத் தொடுத்த பெரியாழ்வாரையும் தொண்டரடிப்பொடியையும் காட்டி, வாங்கிய பூ தாழ்ந்தது என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதம் தோவாளையில் நிற்காது. இரவில் கண்விழித்துப் பின்னும் கைகளின் உழைப்பு அந்த மாலையில் இருக்கிறது. வாங்கியவரின் கவனம் மட்டுமே அதில் குறைவாக இருக்கலாம். திருமலையில் குறும்பறுத்த நம்பி என்ற குயவர் மண்ணாலேயே பூச்செய்து இட்டார், வேங்கடவன் அதைத் தலையில் ஏற்றான் என்று வைணவப் பெரியோர் சொல்வார்கள். அவர் கையில் இருந்த வேலை அதுதான்.

பூவிதிகள் கல்வெட்டுப்போல் மாறாதவை என்றும் நினைக்க வேண்டியதில்லை. அரளியின் நஞ்சு பற்றிய அச்சம் எழுந்தபின், 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவசுவம் வாரியம் தன் கோயில்களில் நிவேதனத்திலிருந்தும் பிரசாதத்திலிருந்தும் அரளியை நீக்கியது, மற்றப் பூசைகளுக்கு விட்டுவைத்தது. உண்பவரின் உயிர்மேல் கொண்ட அக்கறை ஒரு பூவின் இடத்தை மாற்றியது. விதிகளின் உயிர்நாடி அக்கறைதான் என்பதற்கு இது நம் கண்முன் நடந்த சான்று.

இவ்வளவு கவலை பூவுக்கு எதற்கு, உள்ளம் இருந்தால் போதாதா என்பது கடைசியாக எழும் வினா. சைவ நூல்கள் எட்டு அகமலர்களைச் சொல்கின்றன: கொல்லாமை, ஐம்பொறி அடக்கம், பொறுமை, அருள், அறிவு, வாய்மை, தவம், அன்பு. பட்டியலின் தலையில் கொல்லாமை நிற்பதைக் கவனிக்க வேண்டும். வாயிலார் நாயனார் நெஞ்சத்தையே கோயிலாக்கி, அன்பையே அமுதாக்கிப் பூசித்தார். சுசீந்திரத்துக்குப் பக்கத்துத் தேரூரில் 1876இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, கோயில் முழுவதும் தேடியும் காணாத தெய்வத்தை உள்ளத்தில் காணச் சொன்னார். அப்படிச் சொன்ன அவருடைய கவிதைத் தொகுதியின் பெயரே 'மலரும் மாலையும்'. அகப்பூசை உயர்ந்தது என்று சொன்னவர்கள் புறப்பூவைத் தூக்கியெறியவில்லை. பொறுமை என்ற அகமலர் வெறும் சொல்லாக இருக்கும் வரை அது இருக்கிறதா இல்லையா என்று சொல்பவருக்கே தெரியாது. பனியில் குனிந்து நூறு சிறு பூவை இதழ் நசுங்காமல் ஒவ்வொன்றாகப் பனையோலைப் பெட்டியில் சேர்க்கும்போது தெரிந்துவிடும்.

இட்ட பூவை என்ன செய்வது என்பதோடு விதிகள் முடிகின்றன. படைத்து எடுத்த பூ நிர்மாலியம், அது மறுபடியும் படைக்கப்படாது, கால் படும் இடத்திலும் போடப்படாது. ஈழத்துப் பௌத்தர் புத்தர் முன் பூ வைக்கும்போதே, இந்தப் பூ வாடுவதுபோல இந்த உடலும் அழியும் என்ற நினைவைச் சொல்லி வைக்கிறார்கள். பவளமல்லிக்கு அந்த நினைவு வர மாலை வரை காத்திருக்க வேண்டியதில்லை. உச்சிக்கு முன்பே வெள்ளை இதழ் பழுப்பேறிச் சுருங்கிவிடும், செம்மஞ்சள் குழாய் மட்டும் நிறம் மாறாமல் காயும். அந்தக் குழாய்களைக் கிள்ளி நிழலில் உலர்த்திச் சாயத்துக்கு எடுத்துவைக்கலாம். மற்றதை மாலையில், மறுநாளைக்கு முற்றம் பெருக்கும் முன், அதே மரத்தின் மூட்டில் இட்டு மேலே ஒரு கை மண் தூவி நீர் விடுவார்கள்.